எட்டு இடத்தை வைத்து நாட்டை நடத்தியவர்: யான் டொனிஸ்ஸொன் – கேள்வி பதில்

எஸ்டோனியாவின் தார்த்து நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் யான் டொனிஸ்ஸொன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நான்கு முறை அந்நாட்டு அரசுக்குத் தலைமை தாங்கினார், இரண்டு முறை நாடாளுமன்றத் தலைவராக இருந்தார், ஒரு முறை வெளியுறவு அமைச்சர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒரு இடத்துல பிரதமர்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல ஜனாதிபதின்னு இருக்கு. எதை எடுத்துக்கிறது?

பிரதமர் என்பது பாதி சரி. ஜனாதிபதி என்பது தவறு.

1919 நவம்பர் 18 முதல் 1920 ஜூலை 28 வரையிலும், மறுபடி 1920 ஜூலை 30 முதல் அக்டோபர் 26 வரையிலும் அவர் பிரதமர். நடுவில் விடுபட்ட நாட்களில் அதோ பிர்க் பிரதமராக இருந்தார். அதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே ஆட்சியாக எழுதிவிடுகிறார்கள்.

1920 டிசம்பர் 21-ல் புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு பதவியின் பெயரும் 'ரீகிவானெம்' என்று மாறியது. 'ரீகி' என்றால் அரசு. 'வானெம்' என்றால் மூத்தவர். தாய் தகப்பனுக்கும் அதே சொல்தான். ஆகவே 'நாட்டு மூத்தவர்' என்று எழுதலாம். அந்தப் பெயரில் டொனிஸ்ஸொன் 1927 டிசம்பர் 9 முதல் 1928 டிசம்பர் 4 வரையிலும், 1933 மே 18 முதல் அக்டோபர் 21 வரையிலும் இருந்தார். நான்கையும் கூட்டினால் 858 நாள், சுமார் 2 வருடம் 4 மாதம்.

ஜனாதிபதி என்ற பதவி 1938-ல்தான் உருவானது. போருக்கு முந்தைய எஸ்டோனியாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கான்ஸ்டன்டின் பேட்ஸ் ஒருவர்தான்.

கேள்வி: 100 பேர் கொண்ட சபையில் அவர் கட்சிக்கு வெறும் 8 இடம் என்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு எப்படி ஆட்சித் தலைவர் ஆக முடிந்தது?

நல்ல கேள்வி. அவர் அரசியல் வாழ்க்கையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

1919 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 120 இடம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 41, தொழில் கட்சிக்கு 30, டொனிஸ்ஸொன் தலைமையிலான மக்கள் கட்சிக்கு 25. பேட்ஸ் சார்ந்த விவசாயிகள் தரப்புக்கு வெறும் 8. மன்னராட்சியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மக்கள். இடதுசாரிகள் ஓங்கிய சபை. தனி ஒருவர் கையில் அதிகாரம் சேரக்கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். அதனால் 1920 ஜூன் 15-ல் நிறைவேறிய அரசமைப்பில் அரசுத் தலைவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. 100 உறுப்பினர் கொண்ட ரீகிகோகுதான், அதாவது நாடாளுமன்றம்தான், எல்லாம். பதவிக்காலம் 3 வருடம்.

நாட்டு மூத்தவர் அமைச்சரவையை நடத்துவார், வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்பார். ஆனால் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைத் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, சபையைக் கலைக்கவும் இல்லை. நம்பிக்கை போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 'என்னைக் கவிழ்த்தால் எல்லாரும் மறுபடி தேர்தலைச் சந்திக்க வேண்டும்' என்று சொல்லிக் கூட்டணியைக் கட்டிவைக்க அவருக்கு வழியே இல்லை. கவிழ்ப்பவர் எதையும் இழக்கப்போவதில்லை என்பதால் அமைச்சரவைகள் சரிந்துகொண்டே இருந்தன. 1919-க்கும் 1934-க்கும் இடையில் சராசரி ஆயுள் 9 மாதத்தைத் தாண்டவில்லை.

மக்கள் கட்சியின் கணக்கைப் பாருங்கள். 1920 தேர்தலில் 10 இடம், 1923-ல் 8, 1926-ல் 8, 1929-ல் 9. பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றை ஒன்று ஏற்றுக்கொள்ளாதபோது, நடுவில் இருப்பவரிடம்தான் பொறுப்பு வந்து சேரும். இரு தரப்பும் 'இவர் சொன்ன சொல் மாறமாட்டார்' என்று நம்பக்கூடிய ஆளாக அவர் இருந்தார். 1927-28 அமைச்சரவை 361 நாள் நின்றது. இன்றைய கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். அந்த ஏற்பாட்டுக்குள் அது நீண்ட ஆட்சிதான்.

தொடர் கேள்வி: அப்படியானால் அந்தச் சபையைக் கலைக்க வழியே இல்லையா?

ஒன்று இருந்தது. அது மக்கள் கையில் இருந்தது. வாக்குரிமை உள்ள 25,000 பேர் கையெழுத்திட்டு ஒரு மசோதாவைக் கொண்டுவரலாம். நாடாளுமன்றம் அதை நிராகரித்தால் பொதுவாக்கெடுப்புக்குப் போகும். மக்கள் ஏற்றுக்கொண்டால், நாடாளுமன்றம் மக்களின் எண்ணத்தைத் தவறவிட்டது என்று பொருள். சபை கலைந்து புதிய தேர்தல் வரும். 1923 பிப்ரவரியில் பள்ளிகளில் சமயக் கல்வி பற்றிய வாக்கெடுப்பில் இதுதான் நடந்தது. அந்த மே மாதமே தேர்தல் வந்தது. அப்படி வந்த புதிய சபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டொனிஸ்ஸொன்.

இந்த 25,000 கையெழுத்து வழியை நினைவில் வையுங்கள். பத்து வருடம் கழித்து அவரை வீழ்த்தியதும் இதே வழிதான்.

கேள்வி: பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? டோனிசன், டன்னிசன், தோனிசோன் என்று பார்க்கிறேன். பிறந்த தேதியும் இரண்டு விதமாக இருக்கிறது.

முதல் உயிரெழுத்து, தலையில் நெளிகோடு போட்ட 'ஒ'. அதை உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் நாவுக்கு அது அந்நியம் இல்லை. 'காடு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு அது மிக நெருக்கம். நாக்கைச் சற்றே கீழே இறக்கினால் போதும். நமக்கு அந்த ஒலி சொல்லின் கடைசியில்தான் வரும், அவர்களுக்கு முதலிலேயே வரும். எழுத்தில் காட்ட முடியாததால் 'டொ' என்று குறிலாக எழுதுகிறேன். நெடில் 'டோ' வேண்டாம். நடுவில் 'ஸ்ஸ்' இரட்டிக்கும். அழுத்தம் முதல் அசையில். பேட்ஸ் என்ற பெயரில் வருவது 'பே'வுக்கும் 'பா'வுக்கும் நடுவிலுள்ள ஒலி. 'பேங்க்' என்று சொல்லும்போது நம் வாய் எடுக்கும் வடிவம் அது.

பிறந்த தேதி பழைய ஜூலியன் நாட்காட்டியில் 1868 டிசம்பர் 10, இப்போதைய கணக்கில் டிசம்பர் 22. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாள். எஸ்டோனியா 1918 பிப்ரவரியில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய எந்தத் தேதியை எடுத்தாலும் எந்த நாட்காட்டி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 1905, 1917 சம்பவங்களில் அதிகம் பிழை வருவது இதனால்தான்.

கேள்வி: தார்த்து சமாதான ஒப்பந்தம் அவருடைய சாதனையா, யான் போஸ்காவின் சாதனையா?

எஸ்டோனியாவின் விடுதலைப் போரை முடித்து, சோவியத் ரஷ்யாவோடு 1920-ல் செய்த ஒப்பந்தம் இது. எஸ்டோனியா தரப்பில் மேசையில் உட்கார்ந்து பேசியவர் போஸ்கா. எதிரே சோவியத் தரப்பில் அதோல்ஃப் யோஃபே. பேச்சின் நுணுக்கம் முழுவதும் போஸ்காவுடையது, அதில் பங்கு கேட்பது நியாயமில்லை. ஒப்பந்தம் முடிந்த ஒரு மாதத்தில், 1920 மார்ச் 7-ல், அவர் இறந்தும் போனார்.

டொனிஸ்ஸொன் அரசு எடுத்தது அரசியல் முடிவு. அண்டை நாடுகள் சேர்ந்து வரும்வரை காத்திருப்பதா, தனியாகப் போவதா? போல்ஷெவிக்குகளோடு சமாதானம் செய்வதை மேற்கு நாடுகள் விரும்பவில்லை. ஆனால் ஒரு வருடமாகச் சண்டை போட்டுக் களைத்த சின்ன நாடு அது. 1919 டிசம்பரில் தார்த்துவில் பேச்சு தொடங்கியபோது கிழக்கு எல்லையில் நார்வா போர்முனையில் சோவியத் படை கடுமையாக மோதிக்கொண்டிருந்தது. பேச்சில் கை ஓங்க அவர்கள் வைத்த அழுத்தம் அது. முனை உடைந்திருந்தால் எல்லைக்கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும். உடையவில்லை. டிசம்பர் 31-ல் போர் நிறுத்தம் கையெழுத்தாகி, 1920 ஜனவரி 3 காலை 10.30-க்கு நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 2-ல் ஒப்பந்தம்.

சோவியத் ரஷ்யா எஸ்டோனியாவின் சுதந்திரத்தை நிபந்தனையின்றி ஏற்றது. 1 கோடியே 50 லட்சம் தங்க ரூபிள் கொடுத்தது. எல்லை நார்வா ஆற்றுக்குக் கிழக்கே தள்ளி அமைந்தது, தெற்கில் பெத்செரி பகுதியும் சேர்ந்தது. பத்து லட்சம் தெஸ்யத்தீனா (பழைய ரஷ்ய நில அளவு) காட்டில் மரம் வெட்டும் உரிமையும் எழுதப்பட்டது, ஆனால் அது காகிதத்தோடு நின்றது. பாடப் புத்தகங்களில் காட்டு உரிமையையும் தங்கத்தையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். ஒன்று கைக்கு வந்தது, மற்றது வரவே இல்லை.

கேள்வி: 1928-ல் எஸ்டோனியாவின் பணம் மார்க் போய் க்ரூன் வந்தது. அது அவர் காலத்தில்தானே?

நடைமுறைக்கு வந்த நாள் 1928 ஜனவரி 1, அவர் பதவியேற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. வேலை முழுவதும் அதற்கு முந்தைய அரசில் நடந்தது. சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்னோடி) மேற்பார்வையில் 1927-ல் கடன் எடுத்தார்கள். எஸ்டி பாங்க்கை முறையான மத்திய வங்கியாக மாற்றினார்கள். அதன் தலையில் இருந்த நீண்டகாலக் கடன்களைப் பிரித்துத் தனி வங்கிக்கு மாற்றினார்கள். 100 மார்க்குக்கு 1 க்ரூன். ஒரு க்ரூனுக்கு 0.403226 கிராம் தங்கம், அதாவது 1 கிலோ தங்கத்துக்கு 2,480 க்ரூன். ஸ்வீடன் க்ரோனாவின் பழைய தங்க மதிப்பும் இதேதான். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்குத் தேவை.

கேள்வி: சார், 1933-ல் க்ரூன் மதிப்பை 35 சதவீதம் குறைத்தார். அதுதான் அவரை ஒழித்தது என்கிறார்கள். அப்படியிருக்க அதை ஏன் செய்தார்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

எஸ்டோனியா வெண்ணெயும் பன்றி இறைச்சியும் ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு. பெரிய சந்தை இங்கிலாந்தும் ஜெர்மனியும். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க இணைப்பை, அதாவது பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாட்டை, விட்டது. ஸ்வீடனும் உடனே விட்டது. எஸ்டோனியா விடவில்லை.

ஒரு கூட்டுறவுப் பால்பண்ணையை எடுத்துக்கொள்வோம். அது லண்டனுக்கு அனுப்பிய வெண்ணெய் 100 பவுண்டுக்கு விற்கிறது. பழைய தங்க மதிப்பில் 1 பவுண்டு சுமார் 18.16 க்ரூன். ஆக, கைக்கு 1,816 க்ரூன் வரும். பவுண்டு விழுந்த பிறகு 1932 கடைசியில் அதே பவுண்டுக்கு 12, 13 க்ரூன்தான். அதே வெண்ணெய், அதே 100 பவுண்டு, ஆனால் கையில் 1,200 அல்லது 1,300. இதில் உலகச் சந்தையில் வெண்ணெய் விலையே விழுந்ததை நான் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் இன்னும் மோசம். ஆனால் விவசாயி வாங்கிய கடன் க்ரூனில் இருக்கிறது, வட்டி க்ரூனில், வரி க்ரூனில். அதில் ஒரு சென்ட் கூடக் குறையவில்லை. 1919 நிலச் சீர்திருத்தத்தில் நிலம் கிடைத்துப் புதிதாகக் குடியேறியவர்கள் கடன் வாங்கித்தான் வீடும் தொழுவமும் கட்டியிருந்தார்கள். முதலில் அடிபட்டவர்களும் அவர்கள்தான்.

1933 ஜூன் இறுதியில் டொனிஸ்ஸொன் அரசு க்ரூனின் மதிப்பை 35 சதவீதம் குறைத்தது. இங்கே நிறையப் பேர் கணக்கில் தவறுகிறார்கள். மதிப்பு 35 சதவீதம் குறைந்தால் வெளிநாட்டுப் பணத்தின் விலை 35 சதவீதம் ஏறுவதில்லை. 100-ஐ 65-ஆல் வகுத்தால் 1.54 வரும். ஆக ஏற்றம் 54 சதவீதம். பவுண்டு திரும்பவும் 18.35 க்ரூன் பக்கம் வந்து நின்றது. பால்பண்ணைக்கு அதே 100 பவுண்டுக்கு இப்போது 1,835 க்ரூன், 1931-ல் பவுண்டு விழுவதற்கு முன் கிடைத்த ஏறக்குறைய அதே தொகை. 35 என்ற எண்ணின் தர்க்கம் இதுதான்: பவுண்டும் க்ரோனாவும் ஏற்கெனவே விழுந்த ஆழத்துக்கு க்ரூனையும் இறக்குவது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

செலவு யார் தலையில் விழுந்தது? வெளிநாட்டுச் சரக்கை நம்பிய நகரத்தார் தலையில். மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியக்காரர், வங்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்தவர் ஆகியோருக்கு அது கண்ணெதிரே நடந்த இழப்பு. 1920-களில் மார்க் மதிப்பிழந்து தவித்தவர்கள். 'இனிமேல் நம் பணம் தங்கத்துக்குச் சமம்' என்று நம்பவைக்கப்பட்டு ஐந்தரை வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் முடிவு சரியானது. ஏற்றுமதி மீண்டது, பொருளாதாரம் எழுந்தது. தவறு அந்த முடிவில் இல்லை, அது எடுக்கப்பட்ட நேரத்தில் இருந்தது. 1931 இலையுதிர் காலத்திலேயே ஸ்வீடனோடு சேர்ந்து இறக்கியிருந்தால் இரண்டு குளிர்காலத் துன்பம் மிச்சம். தள்ளிப்போட்ட பொறுப்பு அப்போதைய எல்லா அமைச்சரவைக்கும் உண்டு, வெளியுறவு அமைச்சராக 1931-32-ல் இருந்த அவருக்கும் சேர்த்து. கடைசியில் கசப்பு மருந்தைக் கொடுத்தவர் அவர். உடம்பு தேறியபோது நாற்காலியில் இருந்தவர் பேட்ஸ்.

கேள்வி: ஜனநாயகவாதி என்று புகழ்கிறீர்கள். 1933 ஆகஸ்டில் நெருக்கடி நிலை போட்டுப் பத்திரிகைத் தணிக்கை கொண்டுவந்தவரும் அவர்தானே? பத்திரிகை ஆசிரியரே தணிக்கை செய்தால் என்ன சொல்வது?

கேட்க வேண்டிய கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

அந்த வருடத்து நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்பதில் 1932-க்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் உடன்பாடு. நாடாளுமன்றம் தயாரித்த முதல் வரைவு 1932 ஆகஸ்ட் வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்றது: ஆதரவு 49.2 சதவீதம். இரண்டாவது வரைவு 1933 ஜூன் 10 முதல் 12 வரை நடந்த வாக்கெடுப்பில் படுதோல்வி, ஆதரவு 32.7 சதவீதம். இரண்டு வாரத்தில் க்ரூன் மதிப்புக் குறைப்பு. போதாததற்கு, 'லென்னுக்', 'வாம்போலா' என்ற இரண்டு போர்க்கப்பல்களை அந்த வருடம் பெரு நாட்டுக்கு 8,20,000 டாலருக்கு விற்ற விவகாரம் வேறு. விடுதலைப் போரில் பிரிட்டிஷார் பிடித்துத் தந்த கப்பல்கள் அவை. மக்கள் மனதில் அவற்றுக்குத் தனி இடம் இருந்தது.

இதையெல்லாம் தெருவில் பேசி வளர்ந்தது விடுதலைப் போர் வீரர் சங்கம். வாப்ஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். தலைமையில் அர்துர் சிர்க், அந்திரேஸ் லார்கா. சீருடை, அணிவகுப்பு, கட்சிகளின் மேல் வெறுப்பு எல்லாம் இருந்தது. 1933 ஆகஸ்ட் 11-ல் டொனிஸ்ஸொன் நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவித்து அந்தச் சங்கத்தைக் கலைத்தார். பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் வந்தது.

என் கருத்தில் அது அவருடைய பெரிய பிழை. கொள்கையளவில் மட்டும் சொல்லவில்லை, நடைமுறையிலும் அது பலிக்கவில்லை. சங்கத்தை மூடினார், ஆனால் சங்கத்தின் அரசமைப்பு வரைவு 25,000 கையெழுத்து வழியில் ஏற்கெனவே வாக்கெடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை, அவரும் நிறுத்த முயலவில்லை. ஆக, எதிரியின் வாயைக் கட்டிவிட்டு எதிரியின் வாக்கெடுப்பை நடத்தினார். அக்டோபர் 14 முதல் 16 வரை நடந்தது. ஆதரவு 4,16,878, எதிர்ப்பு 1,56,894, 72.7 சதவீதம். நெருக்கடி நிலையை நீக்கிவிட்டு உடனே ராஜினாமா செய்தார்.

வேறுபாடும் அங்கேதான் தெரிகிறது. படையும் காவலும் தணிக்கையும் கையில் இருந்தும், தோற்ற வாக்கெடுப்பின் முடிவை அவர் ஏற்றார். ஐந்து மாதம் கழித்து அதே கருவிகளைக் கையில் எடுத்தவர் தேர்தலே நடக்கவிடவில்லை.

கேள்வி: அது பேட்ஸ் தானே? 1934 மார்ச் 12-ல் என்ன நடந்தது, டொனிஸ்ஸொனால் ஏன் தடுக்க முடியவில்லை?

வாக்கெடுப்பில் வென்ற அரசமைப்பு 100 நாள் கழித்து, 1934 ஜனவரி 24-ல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் 100-லிருந்து 50 இடமாகச் சுருங்கும். நாட்டு மூத்தவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் சட்டத்தைத் தடுக்கலாம், சபையைக் கலைக்கலாம், ஆணையால் சட்டம் போடலாம். தேர்தல் ஏப்ரலில். அதுவரை பிரதமராக இருக்கும் பேட்ஸ், நாட்டு மூத்தவர் பொறுப்பையும் கவனிப்பார். அந்த இடைக்கால ஏற்பாட்டில்தான் ஓட்டை இருந்தது: பழைய அமைச்சரவைத் தலைவரின் கைக்கு, தேர்தலே இல்லாமல், புதிய பதவியின் முழு அதிகாரமும் வந்துவிட்டது.

மார்ச் 12-ல் அவர் நெருக்கடி நிலை அறிவித்தார். தளபதி யொஹான் லைதோனெர் கையில் படை. வாப்ஸ் ஆட்களைக் கைது செய்து தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். நகரசபைத் தேர்தல்களில் வாப்ஸ் பெருநகரங்களை வென்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததால், பழைய கட்சிகளுக்கு முதலில் நிம்மதிதான். அபாயம் நீங்கியது, ஆறு மாதத்தில் எல்லாம் சீராகிவிடும் என்று நினைத்தார்கள். ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் நாடாளுமன்றக் கூட்டம் முடித்துவைக்கப்பட்டது, பிறகு கூட்டப்படவே இல்லை. 1935-ல் கட்சிகளுக்குத் தடை. அந்தக் காலத்தை எஸ்டோனியர்கள் 'மௌன காலம்' என்கிறார்கள். எதிர்க்கத் தொடங்கியபோது எதிர்க்கும் மேடைகள் போய்விட்டன.

கேள்வி: டொனிஸ்ஸொனுக்கும் பேட்ஸுக்கும் பகை எப்போது ஆரம்பம்?

பகை என்பதைவிடப் பழைய போட்டி என்று சொல்லலாம். 1896 முதல் தார்த்துவில் 'போஸ்திமேஸ்' பத்திரிகை டொனிஸ்ஸொன் கையில். 1901-ல் இன்றைய தலைநகர் தாலினில் 'தேயதாயா' பத்திரிகையைத் தொடங்கினார் பேட்ஸ். முன்னவருக்கு மொழியும் ஒழுக்கமும் சட்டமும் முதலில்; பின்னவருக்குப் பொருளாதாரம் முதலில். 1905 நவம்பரில் தார்த்துவில் கூடிய அகில எஸ்டோனிய மாநாடு இரண்டாக உடைந்தபோது டொனிஸ்ஸொன் மிதவாதிகளுக்குத் தலைமை தாங்கினார். தீவிரத் தரப்பின் கூட்டத்தை நடத்தியவர் யான் தேமந்த். அந்தப் பெயர் மறுபடி வரும்.

பொருளாதாரம் அவருக்குத் தெரியாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். 1902-ல் தார்த்துவில் எழுந்த எஸ்டோனியக் கடன் சேமிப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர். பிற்காலத்தில் தார்த்து பல்கலைக்கழகத்தில் கூட்டுறவு பற்றிப் பாடமும் நடத்தினார்.

கேள்வி: சிறுபான்மையினருக்கான 1925 பண்பாட்டுத் தன்னாட்சிச் சட்டம் பற்றிச் சுருக்கமாக?

அந்தச் சட்டம் நிறைவேறியபோது சபைத் தலைவர் அவர். குறைந்தது 3,000 பேர் உள்ள சிறுபான்மை இனம் தனக்கென்று ஒரு பதிவேடு வைத்து, பண்பாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுத்துத் தன் பள்ளிகளைத் தானே நடத்தலாம், தன் உறுப்பினரிடம் வரி போடலாம். நிலப்பரப்பு தேவையில்லை, நாட்டில் எங்கே சிதறியிருந்தாலும் சரி. ஜெர்மானியர் 1925-லும் யூதர் 1926-லும் பயன்படுத்தினார்கள். ரஷ்யரும் ஸ்வீடியரும் பயன்படுத்தவில்லை. அவர்கள் ஒரே பகுதியில் சேர்ந்து வாழ்ந்ததால் உள்ளூராட்சி வழியாகவே அந்தக் காரியம் நடந்தது. சிதறி வாழும் சமூகத்துக்கென்று வடிவமைத்த சட்டம் இது, எல்லாருக்கும் பொருந்தும் மாதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: 1934-க்குப் பிறகு அவர் ஒதுங்கிவிட்டாரா?

இல்லை. 1935-ல் 'போஸ்திமேஸ்' அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது. நாற்பது வருட உழைப்பு. 1936-ல் முன்னாள் நாட்டு மூத்தவர்கள் நால்வர், டொனிஸ்ஸொன், தேமந்த், யுஹான் குக், அன்ட்ஸ் பீப், பேட்ஸுக்கு ஒரு மனு எழுதினார்கள்: பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, முறையான தேர்தல். 1905-ல் எதிரெதிர்க் கூட்டம் நடத்திய டொனிஸ்ஸொனும் தேமந்தும் முப்பது வருடம் கழித்து ஒரே தாளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர் வரலாற்றில் என்னை மிகவும் தொட்ட இடம் இது. அந்த மனுவை உள்நாட்டில் வெளியிட முடியவில்லை, ஃபின்லாந்தில் அச்சானது.

1938 தேர்தலில் கட்சிகள் தடையில் இருந்தும் தார்த்துவிலிருந்து எதிர்த்தரப்பு வேட்பாளராக வென்று கீழ்ச்சபைக்குப் போனார். அப்போது வயது 69.

கேள்வி: கடைசியில் என்ன ஆனார்? இறந்த தேதி எங்கேயும் தெளிவாக இல்லையே, கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவது?

1940 ஜூன் 17-ல் சோவியத் படை நாட்டை ஆக்கிரமித்தது. ஜூலை 14, 15-ல் அவசரத் தேர்தல் என்றார்கள், ஒரே ஒரு பட்டியலோடு. 71 வயதான டொனிஸ்ஸொன் எதிர் வேட்பாளர்களைத் திரட்டும் வேலையில் முன்னால் நின்றார். மொத்தம் 80 தொகுதி; 66-ல் போட்டிக்கு ஆள் நிறுத்திவிட்டார்கள். உடனே புதிய விதி வந்தது: ஒவ்வொரு வேட்பாளரும் சில மணி நேரத்துக்குள் தன் கொள்கை அறிக்கையைத் தர வேண்டும். அதையும் பெரும்பாலானோர் தந்தார்கள். ஆனாலும் ஒருவர் தவிர எல்லாரையும் தள்ளுபடி செய்தார்கள்.

டிசம்பரில் அவரைக் கைது செய்தார்கள். விசாரணை தாலினில் நடந்தது. 1941 ஜூலைத் தொடக்கத்தில், ஜெர்மன் படை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், தாலினில் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. உடல் எங்கே என்பதற்குத் தடயம் கிடைக்கவில்லை. பேட்ஸின் எலும்புகளை 1990-ல் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்து தாலினில் அடக்கம் செய்ய முடிந்தது. இவருக்கு அதற்கும் வழியில்லை. தார்த்துவில் சிலை மட்டும் இருக்கிறது. ஆகவே கட்டுரையில் '1868 – 1941(?)' என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். நாளும் மாதமும் போட வேண்டாம்.